இசக்கியம்மாள் நேர்ந்த கால்

வெள்ளைச்சாமிக்கு நெய்வேலி சுரங்கத்தில் பெல்ட் வேலை. ராட்சச இயந்திரங்கள் வெட்டிப்போடும் மண்ணும் கரியும் இரவு பகலாக அந்த பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் ஓரத்து இரும்புப் படிகளில் ஏறி இறங்கி அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். மழையிலும் ஏறினார், நைட் ஷிப்ட்டிலும் ஏறினார், ஒரு கீறல் விழுந்ததில்லை. கடைசியில் அவர் விழுந்தது சொந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில், ஒரு மர ஸ்டூலின் மேலிருந்து.

ஸ்டூலில் அவர் ஏறியது திருஷ்டிப் பூசணிக்காயை அவிழ்க்க. கண்ணும் மூக்கும் வரைந்து, பெரிய மீசை வைத்து, அதை வாசல் சன்ஷேடில் கட்டித் தொங்கவிட்டிருந்தவள் அவர் மனைவி இசக்கியம்மாள். வெள்ளைச்சாமியோ சாமி இல்லை, பேய் இல்லை, பூசணிக்காய் கூட்டுக்குத்தான் ஆகும் என்று யூனியன் கூட்டங்களில் பேசுகிற ஆள். டீ குடிக்க வந்த யூனியன் சிநேகிதர்கள் பூசணியின் மீசையையும் அவர் மீசையையும் ஒப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் மட்டும் சற்றுக் கட்டை. அதைச் சரி பண்ணச் சொல்லி இசக்கியம்மாள் சொல்லாத நாளில்லை.

வலது தொடை எலும்பு முறிந்துபோனது. பூசணிக்காய் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டூல் ஆடிட்டு" என்றார் வெள்ளைச்சாமி, தூக்கிக்கொண்டு போகும்போது.

"சாமி தள்ளிட்டு" என்றாள் இசக்கியம்மாள், கூடவே ஓடிக்கொண்டு.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரி வாசல் வரை இருவரும் இதைப் பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். தீரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, காலில் கயிறு கட்டி, கட்டில் கடைசியில் ஒரு கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அசையக் கூடாது என்றார் டாக்டர். கால் கூடாவிட்டால் பெல்ட் வேலை போய்விடும், உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவார்கள் என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். இசக்கியம்மாளும் அதைக் கேட்டாள். உட்காரவே தெரியாத மனிதர் அவர். எட்டு மணி நேரம் படி ஏறிவிட்டு வந்து, சாப்பிட்ட கையோடு டவுன்ஷிப் ரோடு முழுக்க ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அப்படிப்பட்டவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தால் சம்பளம் வரும், மனிதர் திரும்ப வரமாட்டார். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

இசக்கியம்மாள் நாங்குநேரிப் பக்கத்துக்காரி. கல்யாணமான கையோடு நெய்வேலிக்கு வந்தவள். சாமி கும்பிடுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கண்ணை மூடி உருகுவதெல்லாம் கிடையாது. ரேஷன் கடைக்காரரிடம் கேட்கிற மாதிரி நேரே நின்று, என்ன வேண்டும், எப்போது வேண்டும், கிடைத்தால் பதிலுக்கு என்ன செய்வாள் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். சாமிகளும் பெரும்பாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டு அவளை அனுப்பிவைப்பதையே விரும்பின என்று தோன்றுகிறது.

டவுன்ஷிப்பில் ஒரு பிளாக் என்றால் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் அதில் குடியிருக்கும். ஒவ்வொரு குடும்பமும் பாத்திரம் பண்டத்தோடு தன் சாமியையும் கொண்டுவந்திருக்கும். வெள்ளைச்சாமி படுத்ததும் அத்தனை சாமியும் அவர் தலையணைக்கு அடியில் வந்து சேர்ந்தன. பழனி விபூதி, நாகூர்க் கயிறு, வேளாங்கண்ணி எண்ணெய், சங்கரன்கோவில் புற்று மண். மகள் சந்திரா தன் பங்குக்கு, அப்பா நடக்கும்வரை பாகற்காய் தொடுவதில்லை என்று விரதம் எடுத்தாள். அவள் பிறந்ததிலிருந்தே பாகற்காய் தொட்டதில்லை.

"ஏளா, தலைக்கு அடியில என்னமோ குத்துது" என்பார் வெள்ளைச்சாமி.

"ஒண்ணுமில்ல. ஒங்க ஜோலியப் பாருங்க."

"ஜோலி பாக்க முடியாமத்தான கெடக்கேன்."

வார்டு சிஸ்டர் மலையாளத்துப் பெண். ஒருநாள் விரிப்பு மாற்றும்போது புற்று மண் உதிர்ந்து தரையெல்லாம் கொட்டியது. "இது ஆஸ்பத்திரியோ அம்பலமோ?" என்று, கோயிலா இது என்கிற மாதிரி, அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் காய்ச்சல் இறங்கியிருக்கும். அன்று முதல் இசக்கியம்மாளுக்குக் கட்டில் அருகே உட்காரத் தடை. கால்மாட்டில் எடைக்கல் பக்கத்தில் நின்றுதான் பேசவேண்டும். அவளும் அங்கேயே நின்றாள். காலையும் மாலையும் தூக்குச்சட்டியோடு பிளாக்கிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். நேரமெல்லாம் கட்டில் கடைசியில் நின்று, கயிற்றில் தொங்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாதங்கள் போயின. எக்ஸ்ரே எடுத்து எடுத்துப் பார்த்த டாக்டர் தலையை இந்தப் பக்கமும் ஆட்டவில்லை, அந்தப் பக்கமும் ஆட்டவில்லை. அப்போதுதான் ருக்குமணி யோசனை சொன்னாள். மந்தாரக்குப்பத்திலிருந்து பிளாக்குக்குத் தயிர் கொண்டுவருகிறவள். உள்ளூர்க்காரி.

"இன்னாக்கா நீ, எங்கெங்கியோ இருக்கிற சாமியல்லாம் கூப்புட்டுகினு இருக்க. பக்கத்துல எங்க ஊரு ஐயனாரு இருக்காரு, அவர ஒரு வார்த்த கேக்கல. கை முறிஞ்சா மண்ணுல கை, காலு முறிஞ்சா மண்ணுல காலு. செஞ்சி வெச்சிட்டு வந்துகினே இரு, தானா கூடிக்கும்."

மறுநாளே இசக்கியம்மாள் கிளம்பிவிட்டாள். முந்திரித் தோப்புக்குள் ஐயனார். சுற்றிலும் மண் குதிரைகள். குதிரைகளின் காலடியில் மண்ணாலான கைகள், கால்கள், கண்கள், தொட்டில் பிள்ளைகள். மண் பொம்மை செய்கிற பாவாடை என்ற குயவர்தான் அங்கே பூசாரியும். சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"எந்தக் காலுங்கம்மா?"

இசக்கியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டில் மனதில் வந்தது. கால்மாட்டில் வழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டாள். எடைக்கல், கப்பி, கயிறு, கயிற்றில் கால். அந்தக் கால் இருந்த பக்கத்துக் கையைத் தயங்காமல் தூக்கினாள்.

"இந்தக் காலு."

தூக்கியது இடது கை. பாவாடை தலையை ஆட்டிக்கொண்டார். அழகான இடது கால் ஒன்று, தொடையிலிருந்து விரல் நகம் வரை, சூளையில் வெந்து சிவந்து வந்தது. இசக்கியம்மாள் அதை மஞ்சள் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டுபோய் ஐயனார் முன்னால் வைத்தாள். கால் கூடினால் வீட்டுக்காரரை நடத்தியே கூட்டிவந்து தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். அவர் வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. அது ஐயனார் பார்த்துக்கொள்ளவேண்டிய விஷயம்.

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது இசக்கியம்மாள் அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். டாக்டர் வெள்ளைச்சாமியின் பாதத்தைத் தன் கையில் அழுத்தச் சொல்லிப் பார்த்தார்.

"சபாஷ். இடது கால் நல்ல பலம். இவ்வளவு நாள் படுத்தவருக்கு இப்படி இருக்கிறது ஆச்சரியம்தான்" என்றார். பிறகு எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "வலதுதான் இன்னும் சேரவே இல்லை. அடுத்த வாரமும் ஒரு படம் எடுப்போம். அதிலும் இப்படியே இருந்தால் மெட்ராசுக்கு அனுப்பித் தகடு வைக்கவேண்டும். வைத்தாலும் பழைய நடை வருமா என்று சொல்ல முடியாது."

இசக்கியம்மாளுக்கு டாக்டர் சொன்ன வலதும் இடதும் முழுசாக விளங்கவில்லை. சிஸ்டர் அந்தப் பக்கம் போயிருந்த தைரியத்தில் கட்டில் அருகே உட்கார்ந்து இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். படுத்தபடியே பிட்டுத் தின்ற வெள்ளைச்சாமியின் கையிலிருந்து சட்னி வழிந்து, முறிந்த தொடைமேல் சொட்டியது. எழுந்து துடைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சோறு தின்கிற கை. அதே பக்கத்துத் தொடை. சோறு தின்கிற கை!

"என்னளா, பேய் பாத்தவ மாதிரி நிக்க?"

"பேயா இருந்தா வெரட்டிருவேனே" என்றாள் இசக்கியம்மாள். தூக்குச்சட்டியைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாள்.

கால்மாட்டில் எதிரே நின்று பார்த்ததில் பக்கம் மாறிப்போயிருந்தது. ஐயனார் தவறு செய்யவில்லை. இடது காலைக் கேட்டாள், இடது காலுக்குக் கொடுத்துவிட்டார். டாக்டரே சபாஷ் போடுகிற அளவுக்குக் கொடுத்திருக்கிறார். ஒடியாத காலுக்கு!

எதிர்க் குவார்ட்டர்ஸ் பரமசிவம் ஈரோட்டுக்காரர், பர்சனல் ஆபீஸில் கிளார்க். எந்தச் சிக்கலுக்கும் ஆபீஸில் ஒரு வழி உண்டு என்று நம்புகிறவர். இசக்கியம்மாள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்காமல் கேட்டார். அதற்காகவே அவரை மெச்சவேண்டும்.

"ஆர்டர் தப்பாப் போட்டுட்டா கேன்சல் பண்ண முடியாதுங்க அக்கா. பழைய ஆர்டர் பாட்டுக்கு ஃபைல்ல இருக்கும். அதை எடுக்கக் கூடாது. மேல ஒரு கரெக்‌ஷன் ஆர்டர் போட்டுரணும். அவ்வளவுதானுங்க."

பாவாடையும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "சாமிக்கு வெச்சத எடுக்கக் கூடாதுங்கம்மா. சோத்தாங்கைப் பக்கத்துக்கு இன்னொண்ணு வைங்க." ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மண் காயவில்லை, சூளை நனைந்து கிடந்தது. இனி தை மாதம்தான் என்றார். அடுத்த வாரம் எக்ஸ்ரே.

இசக்கியம்மாள் அங்கேயே, ஈர மண்ணில், உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துப் பாவாடைக்கு மனம் கேட்கவில்லை. உள்ளே போய் வைக்கோலைக் கிளறி ஒரு காலை எடுத்துவந்தார். வலது கால்.

"சேத்தியாத்தோப்பு ஆளு ஒருத்தரு சொல்லி வெச்சிட்டுப் போனாருங்க. திரும்பி வரல."

"ஏன் வரல?"

"வெக்கிறதுக்கு முன்னாடியே காலு சரியாப் போயிடிச்சாம்."

இசக்கியம்மாள் முகம் மலர்ந்தது. வைப்பதற்கு முன்பே வேலை செய்த கால்! பாவாடை தன் தொழிலுக்கு நாணயமானவர். மற்றதையும் சொல்லிவிட்டார். "அவரு கொஞ்சம் குள்ளமான ஆளுங்க. மொதல்ல செஞ்சதுக்கு இது இத்தினி கட்டையா இருக்கும்." கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் நெருக்கிவைத்து நடுவில் ஒரு சின்ன இடைவெளி காட்டினார்.

"அதெல்லாம் பரவால்ல" என்றாள் இசக்கியம்மாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு கால் வேண்டும், வலது கால் வேண்டும், உடனே வேண்டும். மழையில் நனைந்துகொண்டு ஐயனார் முன் நின்றாள்.

"ஐயனாரே, மொத வச்சது எங் கோளாறு. எடது காலுக்கு நீரு குடுத்த பலத்த நாந் திருப்பிக் கேக்கல. அது இருந்துட்டுப் போட்டும். இந்தா வலது. இதச் செரியாப் பாத்துச் செய்யும். அவுக நடக்கணும். நடக்கலன்னா அவுக செத்துப்போவாக, ஒம்மகிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு."

அந்த ஒரு தடவை மட்டும், கறாராகப் பேசிப் பழகிய இசக்கியம்மாளின் குரல் உடைந்துபோனது.

அடுத்த வாரப் படத்தில் முறிந்த இடத்தில் மேகம் மாதிரி ஏதோ தெரிந்தது. "கூடிக்கிட்டு வருது" என்று டாக்டர் தலையை மேலும் கீழும் ஆட்டினார். கயிறு போய்க் கட்டு வந்தது, கட்டு போய்க் கக்கத்துக் கட்டை வந்தது. கட்டையைத் தூக்கிப்போட்டு வெள்ளைச்சாமி வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்த அன்று, பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தூசி என்றார். சந்திரா தன் விரதத்தைத் தொடர்ந்தாள்.

டாக்டர் அவரை மேஜையில் படுக்கவைத்து இஞ்சு டேப்பால் இரண்டு காலையும் அளந்தார். "வலது அரை அங்குலம் குறைச்சல். இவ்வளவு பெரிய முறிவுக்கு இது ஒன்றுமே இல்லை. செருப்புக்கு அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாராளமாகப் படி ஏறலாம், பெல்ட்டுக்கே போகலாம்."

வெள்ளைச்சாமி டாக்டரின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். இசக்கியம்மாள் மட்டும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அரை அங்குலம். பாவாடை விரலில் காட்டிய அதே இடைவெளி.

வீட்டுக்கு வந்தபின் நடந்ததுதான் வேடிக்கை. வெள்ளைச்சாமி வேலைக்குப் போனார், படி ஏறினார், பழையபடி டவுன்ஷிப் ரோட்டில் ஒரு பக்கமாய்ச் சற்றே சாய்ந்து நடந்தார். ஒருநாள் அவராகவே ஆரம்பித்தார்.

"ஏளா, ஐயனாருக்கு என்னமோ நேர்ந்திருக்கேன், நடந்து வரணும்னு ஆஸ்பத்திரில வச்சு நச்சரிச்சியே. எப்பப் போவம்?"

"ஒங்களுக்குத்தான் சாமி இல்லையே."

"சாமி கெடக்கு. நேர்ந்தது நீ, நடக்கப்போறது நான். எனக்கு நடக்கணும்போல இருக்கு."

வெயில் என்றாள் இசக்கியம்மாள். செவ்வாய்க்கிழமை ஆகாது என்றாள். எந்தப் புருஷனும் எதிர்த்துக் கேட்காத காரணத்தையும் சொன்னாள். அதையே அந்த மாதத்தில் இன்னொரு தடவை சொன்னபோது வெள்ளைச்சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். சாமி இல்லாதவர் கோயிலுக்குக் கூப்பிடுகிறார், ஊரிலுள்ள சாமியெல்லாம் தன் சொந்தக்காரர் என்றிருந்தவள் ஒளிகிறாள். பிளாக்கில் இப்படியொரு கூத்தை யாரும் பார்த்ததில்லை. பரமசிவத்துக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் ஆபீஸ் ரகசியம்போல வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு, தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகவே நடக்க ஆரம்பித்துவிட்டார். இசக்கியம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

முந்திரித் தோப்பு பூத்துக் கிடந்தது. குதிரைகளின் காலடியில் அந்த இரண்டு கால்களும் பக்கம் பக்கமாக நின்றன. வெள்ளைச்சாமி குனிந்து பார்த்தார். ஜாணை விரித்துக் காற்றிலேயே ஒன்றை அளந்தார், மற்றதை அளந்தார். பிறகு தன் சொந்தக் கால்களைப் பார்த்தார்.

"ஏளா, இதுல எது நான்?"

"ரெண்டும் நீங்கதான்" என்றாள் இசக்கியம்மாள். அதற்குமேல் அடக்க முடியவில்லை. கால்மாட்டில் நின்றது, தப்புக் கையைத் தூக்கியது, சட்னி சொட்டியது, சேத்தியாத்தோப்புக் குள்ளர், எல்லாம் வெளியே வந்தது. "கட்டைன்னு அவரு சொல்லத்தாஞ் செஞ்சாரு. நாந்தான் பரவால்லன்னேன். ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லுல ஒங்க அரை அங்குலத்தத் தொலைச்சிட்டேன்."

வெள்ளைச்சாமி சிரிக்க ஆரம்பித்தார். மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பின. பாவாடை சக்கரத்தை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அப்பம் நானும் நம்ம ஸ்டூலும் இப்ப ஒரே ஜாதி."

"சிரிக்காதிய" என்று அழுதாள் அவள்.

சிரிப்பு தானாக நின்றது. வெள்ளைச்சாமி அவள் கால்களைப் பார்த்தார். பித்தவெடிப்பு இரண்டு குதிகாலிலும் பிளந்து கிடந்தது. ஒரு கணுக்கால் வீங்கியிருந்தது.

"இசக்கி, நான் மல்லாந்து கெடந்தப்ப கூரையத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஒஞ் செருப்புச் சத்தத்த மட்டும் வராந்தாவுல வரும்போதே கண்டுபிடிப்பேன். மொதல்ல டக்கு டக்குன்னு வரும். போகப்போக ஒரு கால் இழுக்க ஆரம்பிச்சிட்டு. என்னளான்னு கேக்க நெனப்பேன். கேட்டா நாளைக்கு வராம இருந்துருவியோன்னு பயம். அதான் கேக்கல."

இசக்கியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை.

வெள்ளைச்சாமி பாவாடை பக்கம் திரும்பினார். "ஐயா, இந்த அம்மாவுக்கு ரெண்டு கால் செய்யணும். ஜோடியா. ஒரே அளவுல இருக்கணும்."

"சாமி இல்லம்பிய?" என்றாள் இசக்கியம்மாள்.

"சாமி இருக்கோ இல்லையோ, ஒனக்குக் கால் வேணும்லா. தேங்காய நீயே ஒடை."

பாவாடை அளவெடுக்கத் தென்னங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தார். இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு காலை முன்னால் நீட்டினாள். உடனே ஏதோ சந்தேகம் வந்து அதை இழுத்துக்கொண்டாள். சோறு தின்கிற கையை ஒருமுறை தூக்கிப் பார்த்து, அந்தப் பக்கத்துக் காலை நீட்டினாள்.

"இது வலது. நல்லாப் பாத்துக்கிடுங்க" என்றாள். "மத்தது எடது."